குளிர்காலம் முழுக்க நின்ற மோட்டார்ஹோமுக்கு வீட்டுக் கரண்ட் கொடுப்பது எப்படி?

ஒரு வாசகரின் கேள்வி இது: கனடாவின் ஒன்டாரியோவில் வீடு. 30 ஆம்ப் பிளக் உள்ள கிளாஸ் சி மோட்டார்ஹோமை (வேன் அடித்தளத்தின் மேல் கட்டிய வீட்டு வண்டி) அக்டோபர் கடைசியில் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு டிரைவ்வேயில் நிறுத்தியிருக்கிறார். இப்போது ஏப்ரல். பேட்டரியை ஏற்றலாம் என்று அடாப்டர் போட்டு வீட்டின் வெளிச்சுவரில் இருக்கும் சாக்கெட்டில் மாட்டினால் சில நொடிகளில் அதிலுள்ள ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு) டிரிப் ஆகிறது. கராஜுக்குள் இருக்கும் பழைய சாக்கெட்டில் மாட்டினால் டிரிப் ஆவதில்லை, எல்லாம் வேலை செய்கிறது. அதிலேயே விட்டுவிடலாமா, அல்லது துணி உலர்த்தும் டிரையருக்கான 30 ஆம்ப் சாக்கெட்டிலிருந்து அடாப்டர் போட்டு எடுக்கலாமா என்று கேட்கிறார்.

முதல் வேலையாக, அந்தக் கராஜ் சாக்கெட்டின் பிரேக்கரை வீட்டுப் பேனலில் ஆஃப் செய்துவிட்டு வயரைக் கழற்றுங்கள். அதுவரை வண்டியின் கதவுப் பிடியையோ இரும்புப் படியையோ யாரும் தொட வேண்டாம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி உருகி டிரைவ்வே ஈரமாக இருக்கும் மாதம் இது.

கழற்றியாயிற்றா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

வெளிச் சாக்கெட் டிரிப் ஆனதும் அதைத் தொல்லை என்று நினைத்து, தொல்லை தராத சாக்கெட்டைத் தேடிப் போயிருக்கிறீர்கள். நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வண்டியில் என்ன கோளாறு என்பதை உங்களுக்குச் சரியாகச் சொன்னது அந்த வெளிச் சாக்கெட்தான். ஜிஎஃப்சிஐ செய்கிற வேலை எளிமையானது. ஃபேஸ் வயரில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கிட்டத்தட்ட 5 மில்லி ஆம்ப் வித்தியாசம் வந்தால் துண்டித்துவிடும். ஊரில் வீட்டுக்குப் போடும் ஆர்சிசிபி பெரும்பாலும் 30 மில்லி ஆம்ப்பில் விழும். இது அதைவிட ஆறு மடங்கு நுணுக்கமானது. ஆக, போன கரண்டில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்துக்குள் எங்கேயோ கசிகிறது.

கராஜ் சாக்கெட்டில் மாட்டினபோதும் அதே கசிவு இருந்தது. பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். கசிந்த கரண்ட் எர்த் வயர் வழியாக வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். எர்த் உறுதியாக இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பழைய சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா, இடையில் போட்ட எக்ஸ்டென்ஷன் வயரில் எர்த் பின் உடையாமல் இருக்கிறதா? இரண்டில் ஒன்று அறுந்திருந்தாலும் ரப்பர் டயர்கள் மேல் நிற்கும் முழு வண்டியும் 120 வோல்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவுப் பிடியைத் தொடுகிறவரே எர்த் வயராகிவிடுவார். இங்குள்ள மோட்டார்ஹோம்காரர்கள் இதை ஹாட் ஸ்கின் என்பார்கள். கதவைத் தொடும்போது விரல் நுனியில் லேசாகச் சுர்ரென்று இருந்தது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கரண்டை நிறுத்த வேண்டும். உலர்ந்த செருப்போடு இருக்கும்போது சுர்ரென்று விட்டுவிடும் அதே வண்டி, மழை நாளில் வெறுங்காலோடு தொடுகிறவரை விடாது.

நம் ஊரில் வளர்ந்தவர்களிடம் ஒரு நினைப்பு உண்டு: அங்கே 230 வோல்ட்டையே பார்த்தோம், இங்கே 120 தானே, என்ன ஆகிவிடும் என்று. இது இரண்டு வழியில் தவறு. நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 120 வோல்ட்டில் 120 மில்லி ஆம்ப் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம். இரண்டாவது, வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு மடங்கு போகும். ஊரில் 1500 வாட் ஹீட்டர் 6.5 ஆம்ப் இழுக்கும். இங்கே அதே ஹீட்டர் 12.5 ஆம்ப் இழுக்கும். வயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வயர் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சூடாகும். இங்கே மோட்டார்ஹோம் பிளக்குகள் உருகுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

இனி, கசிவு எங்கே என்ற கேள்வி. உங்கள் கதையைக் கேட்டதும் எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர் ஹீட்டர் மேல்தான். இது என் சொந்த அனுபவம். மோட்டார்ஹோம் வாங்கிய முதல் வருடம் குளிருக்கு முன்னால் டாங்க்கைக் காலி செய்து, வண்டியை மூடிவிட்டு, பேட்டரி இறங்கக்கூடாது என்று கரண்ட் கொடுத்தேன். ஹீட்டரின் மின்சார ஸ்விட்ச் ஆன் நிலையில் இருந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டிய எலிமெண்ட் வெறும் காற்றில் எரிந்திருக்கிறது. அதற்கு நிமிடக்கணக்கில்கூட நேரம் தேவைப்படாது. வசந்தத்தில் கழற்றி வெளியே எடுத்தபோது செம்புக் குழாய் ஒரு பக்கம் நீளவாக்கில் வெடித்து, உள்ளிருந்த வெள்ளைப் பொடி சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்து, வெளிக்குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் டாங்க்கோடு, டாங்க் வண்டியின் சட்டத்தோடு. கரண்ட் கொடுத்த உடனே கசிவு. உங்களுக்கும் சில நொடிகளில் டிரிப் ஆவதும் டாங்க் காலியாக இருப்பதும் சேர்ந்துதான் இந்தச் சந்தேகத்தைக் கொடுக்கிறது.

இதைச் சோதிப்பது சுலபம். வண்டிக்குக் கரண்ட் எதுவும் இல்லாதபோது, எலிமெண்டின் இரண்டு முனைகளிலும் உள்ள வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 1440 வாட் எலிமெண்ட் என்றால் இரண்டு முனைக்கும் இடையே சுமார் 10 ஓம் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் டாங்க்கின் உலோகத்துக்கும் இடையே எதுவுமே காட்டக்கூடாது. அங்கே எண் ஏதாவது வந்தால் எலிமெண்ட் போய்விட்டது. புதியது விலை அதிகமில்லை. டாங்க் நிறைந்து, சமையலறைக் குழாயின் வெந்நீர்ப் பக்கத்தைத் திறந்தால் காற்று வராமல் தண்ணீர் சீராக வருகிறவரை அந்த ஸ்விட்சைத் தொடாதீர்கள். சபர்பன் கம்பெனி ஹீட்டர் என்றால் வெளிப்புறக் கதவைத் திறந்து கீழே இடது மூலையைப் பாருங்கள். பல மாடல்களில் அங்கே ஒரு சின்னக் கறுப்பு ஸ்விட்ச் இருக்கும். உள்ளே இன்னொரு ஸ்விட்சும் இருக்கலாம். இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு, பேனலில் அதன் பிரேக்கரையும் இறக்கி, மேலே ஒரு டேப் ஒட்டி "டாங்க் காலி" என்று எழுதி வைக்கிறேன் நான். ஒவ்வொரு அக்டோபரும் இதைச் செய்கிறேன்.

ஹீட்டர் நன்றாக இருந்தால்? அப்போது ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இந்தத் தேடலும், வெகுநாள் நின்ற வண்டிக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும் முறையும் ஒன்றுதான். கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படியே செய்யலாம்.

கரண்ட் கொடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். வயர் சுருட்டி வைத்திருக்கும் பெட்டியைத் திறந்ததும் எலிப் புழுக்கை, கிழிந்த பஞ்சு, விதைத் தோல் ஏதாவது இருக்கிறதா? குளிருக்கு எலி தேடி வரும் முதல் இடங்களில் அது ஒன்று. வயர் நுழையும் துளை வழியாகத்தான் உள்ளே வரும். வயர் முழுவதையும் வெளியே இழுத்து, கையால் தடவிக்கொண்டே போங்கள். தோல் கடிபட்ட இடம் விரலுக்குத் தெரியும். பிளக்கின் தகடுகள் பளிச்சென்று இருக்க வேண்டும். பழுப்பேறி, குழி விழுந்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் கொஞ்சம் உருகியிருந்தால் போன வருடமே சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துப் பயனில்லை, பிளக்கை மாற்றிவிடுங்கள். எர்த் பின் ஆடக்கூடாது. எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னாக மாட்டுகிற பழக்கம் யாரிடமாவது இருந்தால், அந்த வயர் உங்கள் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

அடுத்து வண்டிக்குள் போய் பிரேக்கர் எல்லாவற்றையும் இறக்குங்கள், மெயின் உட்பட. ஃப்ரிட்ஜை ஆஃப் செய்யுங்கள். ஆட்டோ என்று விட்டிருந்தால் கரண்ட் வந்ததும் கேஸை விட்டுத் தானாக மின்சாரத்துக்கு மாறி 300, 400 வாட் இழுக்க ஆரம்பிக்கும். ஏசி, மைக்ரோவேவ், இன்வெர்ட்டர் எல்லாம் ஆஃப். கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும்.

அப்புறம் சாக்கெட்டைச் சோதியுங்கள். மூன்று விளக்கு உள்ள சின்னச் சோதனை பிளக் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அதை மாட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா, எர்த் அறுந்திருக்கிறதா என்பது தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120க்கு அக்கம்பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டி. சாக்கெட்டில் நீளமான துளை நியூட்ரல், குட்டையானது ஃபேஸ், வட்டமானது எர்த்.

ஆனால் உங்கள் பழைய கராஜ் சாக்கெட் போன்ற இடங்களில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும் ஒரு நிலைமை உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் எர்த் வயரே இல்லாமல் இரண்டு வயர் மட்டும் ஓடும். பிற்காலத்தில் யாரோ மூன்று துளை சாக்கெட்டைப் போட்டு, எர்த் திருகையும் நியூட்ரல் திருகையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். அதைச் செய்கிறவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றியும் போட்டுவிட்டால், எர்த் துளையில் முழு 120 வோல்ட் இருக்கும். மூன்று விளக்குப் பிளக் இதைச் சரி என்றே காட்டும். மல்டிமீட்டரும் துளைகளுக்கு இடையே மட்டும் அளந்தால் சரியான எண்களையே காட்டும், ஏனென்றால் இரண்டுமே ஒன்றோடொன்று உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கின்றன. அதில் மோட்டார்ஹோமை மாட்டினால் எர்த் வயரே வண்டி முழுவதற்கும் கரண்ட் கொண்டுபோகும். எந்த பிரேக்கரும் விழாது. இதைக் காட்டிக்கொடுப்பது பேனா மாதிரி இருக்கும், தொடாமலே பார்க்கும் வோல்டேஜ் டெஸ்டர். சரியான சாக்கெட்டில் குட்டைத் துளையில் வைத்தால் மட்டும் கத்த வேண்டும். எர்த் பக்கம் வைத்தும் கத்தினால் அந்தச் சாக்கெட்டை விட்டு விலகிவிடுங்கள். நம்மூர் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் மாதிரி விரலை வைக்க வேண்டியதில்லை. இந்தப் பேனாவை நான் மோட்டார்ஹோமின் கதவருகே உள்ள டிராயரிலேயே வைத்திருக்கிறேன்.

சாக்கெட் சரியாக இருந்தால், வயரின் மோட்டார்ஹோம் முனையை முதலில் மாட்டி, சாக்கெட் பக்கத்தைக் கடைசியில், கரண்ட் ஆஃப் நிலையில் மாட்டுங்கள். ஜிஎஃப்சிஐயில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஆஃப் ஆகிவிடும். மாட்டிய பிறகு ரீசெட். உடனே போய்க் கதவைத் தொட வேண்டாம். பேனா டெஸ்டரைப் படியின் இரும்புக்கும் பம்பருக்கும் கிட்டே கொண்டுபோங்கள். சத்தம் வரவில்லை என்றால் உள்ளே போகலாம்.

மெயின் உட்பட எல்லா பிரேக்கரும் இறங்கியிருக்கும்போதே டிரிப் ஆனால் கசிவு பேனலுக்கு முன்னால் இருக்கலாம்: வயர், வண்டியின் வெளிப்புற நுழைவாய், ஜெனரேட்டருக்கும் வீட்டுக் கரண்டுக்கும் மாற்றுகிற டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச். குளிர்காலத்தில் ஈரம் நுழைந்து பச்சை பூத்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பிரேக்கர் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். மோட்டார்ஹோமுக்குள் நியூட்ரலும் எர்த்தும் எந்த இடத்திலும் தொடக்கூடாது. அவை சேர வேண்டிய இடம் வீட்டு மெயின் பேனல் ஒன்றுதான். யாராவது பின்னால் சாக்கெட் சேர்த்தபோது இரண்டையும் ஒரே பட்டையில் முடுக்கியிருந்தாலோ, சுவருக்குள் ஒரு திருகு நியூட்ரலைக் குத்தியிருந்தாலோ ஜிஎஃப்சிஐ டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். வயரைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியின் பேனலில் நியூட்ரல் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் இடையே ஓம் பார்த்தால் தொடர்பு தெரிந்துவிடும். கண்டுபிடிப்பதுவரை நீங்கள் செய்யலாம். சரிசெய்வதை அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

பிரேக்கர்கள் எல்லாம் இறங்கியபோது டிரிப் ஆகவில்லை என்றால் மெயினை ஏற்றுங்கள், அடுத்து கன்வெர்ட்டர் பிரேக்கரை மட்டும். பேட்டரியை ஏற்றுவது அதுதான். லேசான ரீங்காரம் வரும், விசிறி சுழலும். அதோடு நிறுத்திக்கொண்டு ஒரு பத்து நிமிடம் இருங்கள், ஏதாவது வாசனை வருகிறதா பாருங்கள். அப்புறம்தான் அடுத்தது. எந்த பிரேக்கரை ஏற்றியதும் டிரிப் ஆகிறதோ அந்தப் பாதையில் கோளாறு. ஃப்ரிட்ஜின் சூடேற்றும் எலிமெண்ட் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு கசியும். இப்படிச் சிறுசிறு கசிவுகள் நான்கைந்து சேர்ந்து 5 மில்லி ஆம்ப்பைத் தொடுவதும் நடக்கும்.

இவ்வளவும் சொன்னதன் அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது. நிற்கும் மோட்டார்ஹோமுக்குக் கரண்ட் மிகக் கொஞ்சம்தான் வேண்டும். இறங்கிப்போன பேட்டரியை ஏற்றத் தொடங்கும்போது 45 ஆம்ப் கன்வெர்ட்டர் உங்கள் சாக்கெட்டிலிருந்து 6 முதல் 8 ஆம்ப் எடுக்கும். ஏறியதும் ஒரு ஆம்ப்கூட வேண்டாம். சாதாரண 15 ஆம்ப் சாக்கெட் இதற்குப் போதும். தொடர்ந்து ஓடும் லோடு அதில் 12 ஆம்ப்பைத் தாண்டக்கூடாது. ஏசியை அதில் ஓட்ட நினைக்காதீர்கள். டிரைவ்வேயில் ஆள் இல்லாத வண்டிக்குள் ரூம் ஹீட்டர் வைத்துவிட்டு வீட்டுக்குள் தூங்கப் போகாதீர்கள்.

ஆகவே டிரையர் சாக்கெட் யோசனையே வேண்டாம். இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வதில்லை. டிரையர் சாக்கெட்டில் இருப்பது 240 வோல்ட். உங்கள் மோட்டார்ஹோமின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட்டுக்கானது. அதற்கு டிடி-30 என்று பெயர், டிடி என்றால் டிராவல் டிரெய்லர். நான்கு பின் டிரையர் சாக்கெட்டிலிருந்து ஒரு ஃபேஸை மட்டும் எடுக்கும் அடாப்டர்கள் விற்கிறார்கள், ஒழுங்காகச் செய்திருந்தால் 120 வரும். ஒரு வயர் தவறினால் 240 வரும். மூன்று பின் உள்ள பழைய டிரையர் சாக்கெட்டில் தனி எர்த்தே கிடையாது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் அதிகம் பணம் எரிந்தது இந்த 240 குழப்பத்தில்தான். கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜின் போர்டு, டிவி எல்லாம் சில நொடிகளில் போய்விடும்.

எதிர்காலத்தில் கராஜ் சுவரில் மோட்டார்ஹோமுக்கென்றே 30 ஆம்ப் சாக்கெட் வைக்க நினைத்தாலும் இதே ஆபத்து காத்திருக்கிறது. வீட்டு வேலை மட்டும் செய்து பழகிய எலக்ட்ரீஷியனிடம் 30 ஆம்ப் சாக்கெட் என்று சொன்னால், கை தானாக 240 வோல்ட் தரும் இரட்டை பிரேக்கரை எடுக்கும். பழைய டிரையர் சாக்கெட்டைப் போலவே இதிலும் இரண்டு துளைகள் சாய்ந்திருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: டிடி-30, 120 வோல்ட், ஒற்றை 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் செம்பு வயர், ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். எழுதியே கொடுங்கள். ஒன்டாரியோவில் கூலி கொடுத்துச் செய்விக்கும் மின் வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வேண்டும், இஎஸ்ஏ என்ற மாகாண மின் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியை மாட்டும் முன் மல்டிமீட்டரை நீங்களே வைத்து 120 என்று பார்த்துவிடுங்கள். அவர் மனம் கோணுமே என்று பார்க்காதீர்கள். பெரிய வண்டிகளில் வரும் 50 ஆம்ப் பிளக் வேறு விஷயம். அது நான்கு பின், உண்மையிலேயே 120/240. அங்கே நியூட்ரல் அறுந்தால் ஒரு பக்கம் வோல்டேஜ் தாழ்ந்து மறுபக்கம் எகிறும். உங்களுக்கு அது இப்போது தேவையில்லை.

எக்ஸ்டென்ஷன் வயர் பற்றி. புல் வெட்டும் மெஷினுக்கு வாங்கிய மெல்லிய ஆரஞ்சு வயர் பெரும்பாலும் 16 கேஜ் (கேஜ் எண் கூடினால் வயர் மெல்லியது). 50 அடி வயரில் போக வர 100 அடி, தடை சுமார் 0.4 ஓம். 12 ஆம்ப் போனால் 4.8 வோல்ட் வழியிலேயே விழும், 58 வாட் சூடாகும். அது சுருட்டிய நிலையில் கிடந்தால் அந்த 58 வாட்டும் ஒரே இடத்தில். 12 கேஜ் வயர் என்றால் அதே தூரத்துக்கு 2 வோல்ட்டுக்கும் குறைவு, 23 வாட். 10 கேஜ் இன்னும் நிம்மதி. இரண்டு வயரை ஒட்டி நீட்டாதீர்கள், ஒரே துண்டாக, முழுக்கப் பிரித்துப் போடுங்கள். அடாப்டர் சேரும் இடம் தரையில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கிடக்கக்கூடாது. அரை மணி கழித்துப் போய் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அப்படியே பிடுங்காமல் முதலில் வண்டிக்குள் லோடை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, பிறகு கழற்றுங்கள். அநேகமாகச் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கும்.

இடையில் ஒரு பாதுகாப்புக் கருவி வைக்கலாமா என்றால், வைக்கலாம். திடீர் வோல்டேஜ் எகிறலை மட்டும் தாங்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் வேறு, இஎம்எஸ் வேறு. இஎம்எஸ் வோல்டேஜையும் எர்த்தையும் பார்த்துவிட்டுத்தான் கரண்டை உள்ளே விடும். ப்ரோக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் கருவிகள் 104 வோல்ட்டுக்குக் கீழும் 132க்கு மேலும் துண்டிக்கும். முகாம் போகும்போது இது மிகவும் பயன்படும், ஒவ்வொரு பார்க்கிலும் புதுச் சாக்கெட் என்பதால். ஆனால் உங்கள் வண்டிக்குள் இருக்கும் கசிவை இது சரிசெய்யாது.

மாட்டியதை அடுத்த குளிர்காலம் முழுக்க மாட்டியபடியே விடலாமா? உங்கள் கன்வெர்ட்டரைப் பொறுத்தது. பழைய வகை எப்போதும் ஒரே வோல்டேஜைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மாதங்களில் பேட்டரியின் தண்ணீரை வற்ற வைத்துவிடும். புதிய வகை தானாகக் குறைத்துக்கொள்ளும். ப்ரோக்ரெசிவ் டைனமிக்ஸ் செய்யும் சார்ஜ் விஸார்டில் 14.4, 13.6, 13.2 என்று படிப்படியாக இறங்கும். 13.2இல் நிற்கிற வண்டியை விட்டுவைக்கலாம். ஆனாலும் மாதம் ஒருமுறை செல் மூடியைத் திறந்து, தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். பேட்டரிப் பெட்டியின் காற்றுத்துளை அடைபடாமல் இருக்கட்டும், ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும்.

என்னைக் கேட்டால், லெட் ஆசிட் பேட்டரியை நவம்பரில் முழுக்க ஏற்றி, கழற்றி, கராஜிலோ பேஸ்மெண்டிலோ வைத்து மாதம் ஒருமுறை சின்ன சார்ஜரைக் காட்டுவதே நல்லது. வண்டிக்குக் கரண்டே வேண்டாம், எலி கடித்தாலும் தீ இல்லை. வண்டியிலேயே விடுவதானால் டிஸ்கனெக்ட் ஸ்விட்சால் பேட்டரியைத் துண்டித்து விடுங்கள். இல்லாவிட்டால் கேஸ் டிடெக்டரும் ரேடியோவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்துவிடும். முழுக்க ஏறிய பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானது மைனஸ் 7, 8இலேயே உறைந்துவிடும், ஒன்டாரியோவில் அது சாதாரண ஜனவரிக் காலை. சில மணி நேரம் சார்ஜர் இல்லாமல் விட்டு அளந்தால் 12.6க்கு மேல் நிறைவு, 12.1 பாதி. இந்த ஏப்ரலில் உங்கள் பேட்டரியின் பக்கவாட்டுப் பெட்டி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறைந்த, உப்பிய பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கக்கூடாது, வெடிக்கும். லித்தியம் என்றால் கதையே வேறு: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, பாதி சார்ஜில் கழற்றி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

கடைசியாக எஞ்சின் பேட்டரி. பல மோட்டார்ஹோம்களில் வீட்டுக் கரண்ட் கொடுத்தாலும் கன்வெர்ட்டர் உள்ளே இருக்கும் பேட்டரியை மட்டும்தான் ஏற்றும், எஞ்சின் பேட்டரியைத் தொடாது. உள்ளே விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும், சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் வரும். இரண்டையும் இணைக்கும் டிரிக்-எல்-ஸ்டார்ட் போன்ற சின்னப் பெட்டி பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதற்குத் தனியாக ஒரு மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன சார்ஜர்) போடுங்கள். கன்வெர்ட்டர் ஓடும்போது எஞ்சின் பேட்டரியின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்: 13க்கு மேல் காட்டினால் சார்ஜ் வருகிறது, 12 சொச்சத்திலேயே நின்றால் வரவில்லை.